நார்வாட்டமா, நாரோட்டமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

தாளில் நார்கள் படுத்திருக்கிற போக்கை ஆங்கிலத்தில் ‘கிரெய்ன்’ என்பார்கள். அதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று இங்கே நான் கேட்டு மூன்று வாரம் ஆகிறது. பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. வந்த சொற்களை எழுதி எடுத்துக்கொண்டு போய், பாளையங்கோட்டையில் நாங்கள் நடத்தும் நூற்கட்டுப் பட்டறையில் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். எனக்கு ஒரு முடிவு தோன்றியிருக்கிறது. அதற்கு முன், இந்தச் சொல் ஏன் இவ்வளவு தேவைப்படுகிறது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். முதல் கடிதத்தில் அதை நான் சரியாக விளக்கவில்லை. அதனால்தான் சிலர் இதை மரத்தின் ரேகை போலக் கண்ணுக்குத் தெரிகிற ஒன்று என்று எடுத்துக்கொண்டார்கள்.

போன ஆனி மாதம் நடந்த பட்டறை. பதினெட்டுப் பேர் வந்திருந்தார்கள். முதல் நாள் ஆளுக்கு ஆறு பாரம் (சேர்த்துத் தைப்பதற்காக மடிக்கும் தாள்கட்டு) மடித்து, தைத்து, முதுகில் பசை தடவிக் காய வைத்தோம். சாயங்காலம் அட்டை வெட்டி, முதுகுக்குக் காலிகோத் துணி ஒட்டி, மேலே அவரவர் செய்த வண்ணத்தாளையும் ஒட்டி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். குற்றாலத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்த நேரம். அந்த ஈரக்காற்று பாளையங்கோட்டை வரைக்கும் வரும். காலையில் வந்து பார்த்தால், பாதி அட்டைகள் வெயிலில் காயப்போட்ட அப்பளம் மாதிரி வளைந்து கிடந்தன. மீதிப் பாதி நேராக இருந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே அட்டை, ஒரே மைதா பசை, ஒரே தாள்தான். வித்தியாசம் வெட்டியதில் இருந்தது. அட்டை வீணாகாமல் இருக்க வேண்டும் என்று நான் சில துண்டுகளை ஷீட்டின் நீளவாக்கிலும் சில துண்டுகளைக் குறுக்குவாக்கிலும் வெட்டிக் கொடுத்திருந்தேன். தப்பு என்னுடையது. வளைந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற ஒவ்வொருவருக்கும் அதை விளக்க வேண்டியிருந்தது. விளக்க என்னிடம் ஒரு சொல் இல்லை.

விஷயம் இதுதான். ஆலையில் தாள் செய்யும்போது, தண்ணீரில் கரைந்த கூழ் ஓடிக்கொண்டே இருக்கிற ஒரு கம்பிவலையின் மேல் கொட்டுகிறது. வலை ஓடுகிற போக்கில் பெரும்பாலான நார்கள் படுத்துவிடுகின்றன. ஆற்றில் வைக்கோல் மிதந்து போவதைப் பார்த்திருப்பீர்கள், அப்படி. பிரான்சில் ராபர்ட் என்பவர் 1799இல் இந்த வகை இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன் தாளைக் கையால், சட்டத்தில் அள்ளி, நாலா பக்கமும் குலுக்கி எடுத்தார்கள். அதில் நார்கள் கண்டபடி கிடக்கும். இன்றும் கைத்தாளில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. ஆக, நாம் பெயர் தேடுகிற இந்தக் குணம் பெரும்பாலும் இயந்திரம் கொண்டுவந்தது.

நார் ஈரம் குடித்தால் பருமனில்தான் ஊதும், நீளத்தில் கொஞ்சமும் நீளாது என்றே சொல்லலாம். அதனால் பசை தடவிய தாள் நார் படுத்திருக்கிற போக்குக்குக் குறுக்கே அகலும், காயும்போது அந்தப் பக்கமே சுருங்கும். சுருங்கும்போது அட்டையையும் சேர்த்து இழுக்கும். அட்டையின் நார், மேலே ஒட்டிய தாளின் நார், உள்ளே ஒட்டும் தாளின் நார் மூன்றும் முதுகுக்கு இணையாக மேலிருந்து கீழாகப் படுத்திருந்தால், உள்ளே இழுப்பதும் வெளியே இழுப்பதும் சரிக்குச் சரியாகி அட்டை நிமிர்ந்து நிற்கும். ஒன்று மாறினாலும் வளையும். உள்தாள்களுக்கும் இதே கதைதான். கடையில் கிடைக்கிற ஏ4 தாளில் நார் பெரும்பாலும் நீளப் பக்கமாகவே ஓடும். அதை இரண்டாக மடித்து நோட்டுப் புத்தகம் தைத்தால் நார் முதுகுக்குக் குறுக்கே விழுந்துவிடும். பக்கம் படியாது, விறைத்துக்கொண்டு நிற்கும், மழைக்காலத்தில் முதுகோரம் அலை அலையாக நெளியும். நார் நீளப் பக்கமாக ஓடுகிற ஏ3 தாளை வாங்கி நடுவில் வெட்டி ஏ4 ஆக்கினால், நார் குட்டைப் பக்கத்துக்கு வந்துவிடும். அதை மடித்துத் தைத்தால் பக்கம் ஓலைச்சுவடி மாதிரி படிந்து கிடக்கும். பட்டறைக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுக்க ஆசைப்படுவது இந்த ஒன்றைத்தான்.

கண்டுபிடிப்பது எளிது. தாளை மடிக்காமல் இரண்டு பக்கமும் வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் லேசாக வளைகிறதோ, அந்த வளைவுக்கு இணையாக நார் இருக்கிறது. கிழித்துப் பார்த்தாலும் தெரியும். செய்தித்தாள் மேலிருந்து கீழே நேராகக் கிழியும், குறுக்கே கிழித்தால் கோணல்மாணலாகப் போகும். இரண்டும் சரியாகத் தெரியவில்லை என்றால் ஒரு சதுரத் துண்டின் ஒரு பக்கத்தை மட்டும் நனையுங்கள். அது குழல் மாதிரி சுருளும். குழல் எந்தப் பக்கம் நீண்டு கிடக்கிறதோ, அதுதான் நாரின் போக்கு.

இதையெல்லாம் ‘கிரெய்ன்’ என்று சொல்லியே நடத்தினால் என்ன ஆகிறது? ஒரு பள்ளி ஆசிரியை, “கிரெய்ன்னா தானியம்தானே சார், தாள்ல எங்க தானியம்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. இன்னொருவர் தன் குறிப்பேட்டில் ‘கிரேன்’ என்று எழுதி வைத்திருந்தார், சுமை தூக்குகிற கிரேன். மறுநாள் அவருக்கே தான் எழுதியது புரியவில்லை. கடன் வாங்கிய சொல் பழகிப்போனால் எனக்கு மறுப்பில்லை. காலிகோ, பாரம் எல்லாம் அப்படி வந்தவைதான். ஆனால் இது பழகவே இல்லை.

சரி, உங்கள் சொற்களுக்கு வருகிறேன்.

‘நார்த்திசை’ என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். பார்த்தவுடன் புரிகிறது, அது நல்லது. ஆனால் திசை என்றால் ஒரு முகம் உண்டு: வடக்கு வேறு, தெற்கு வேறு. தாளில் அப்படி இல்லை. மேலிருந்து கீழே என்றாலும் கீழிருந்து மேலே என்றாலும் ஒன்றுதான். பட்டறையில் இதைச் சொன்னபோது ஒரு பையன், “எந்தப் பக்கத்தைப் பார்த்து சார்?” என்று தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சொல் அவனைத் தேவையில்லாமல் அலைய வைத்துவிட்டது.

‘ரேகை’ கண்ணுக்குத் தெரிவது. இங்கே தெரிவது ஒன்றுமில்லை, கையால் உணர்வதுதான். மேலும் சில தாள்களில் சல்லடைக் கம்பியின் வரிகள் வெளிச்சத்தில் தெரியும். ரேகை என்ற சொல்லை அதற்கு வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

‘பாவு’ என்று வீரவநல்லூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் எழுதியது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. தறியும் பத்தமடைப் பாயும் இருக்கிற நாட்டில் பாவும் (நீளவாக்கு நூல்) ஊடையும் (குறுக்கு நூல்) எல்லோருக்கும் தெரிந்தவை. ஆனாலும் தயக்கம் இருக்கிறது. நெய்ததில்தான் பாவு உண்டு, தாள் நெய்ததில்லை. தவிர, நூல் கட்டுகிறவருக்குக் காலிகோத் துணியிலும் இதே கணக்குத்தான். துணியின் பாவை முதுகுக்கு இணையாக வைத்து வெட்ட வேண்டும். ஒரே வேலையில் துணிக்கும் தாளுக்கும் ஒரே சொல் என்றால் குழப்பம் வரும். பாவு துணியோடு இருக்கட்டும், அம்மா கோபித்துக்கொள்ளக் கூடாது.

‘நார்வாக்கு’ வலுவான சொல். நீளவாக்கு, குறுக்குவாக்கு எல்லாம் நாம் தினம் பேசுவது. நானும் முதலில் இதையே எடுக்க நினைத்தேன். ஆனால் என் தப்பு நடந்ததே அந்த இடத்தில்தான். நீளவாக்கில் வெட்டு என்றால் ஷீட்டின் வடிவத்தைச் சொல்கிறோம், நாரைச் சொல்லவில்லை. ஷீட்டை நீளவாக்கில் வெட்டியும் துண்டில் நார் குறுக்கே விழலாம். வடிவத்தையும் நாரையும் பிரித்துச் சொல்லத்தான் நமக்குப் புதுச் சொல்லே வேண்டும். ஒரே ‘வாக்கு’ இரண்டிலும் வந்தால் மறுபடி அதே குழியில் விழுவோம்.

மீதி நின்றது ‘நாரோட்டம்’. இதை நாலு பேர் ஆதரித்திருக்கிறார்கள். பிழை சொல்ல முடியாத சொல். இது மட்டும் வந்திருந்தால் நானும் சரி என்று போயிருப்பேன்.

அப்புறம்தான் நெல்லை டவுனில் ஒரு பழைய பைண்டரைப் போய்ப் பார்த்தேன். பேரேடு கட்டியே நாற்பது வருஷம் ஓட்டியவர். கடைகளில் கணினி வந்த பிறகு பேரேடு குறைந்துவிட்டது. இப்போது கோயில் கணக்கும் கல்லூரி ஆய்வேடும் கட்டுகிறார். பசையில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிக்கொண்டிருந்தார், பூச்சி வராமல் இருக்க. வளைந்த அட்டை ஒன்றைக் காட்டி, “அண்ணாச்சி, இதுக்கு நீங்க என்ன சொல்லுவீங்க?” என்று கேட்டேன். கையில் வாங்கி ஒரு தடவை வளைத்துப் பார்த்தார்.

“வாட்டம் பாக்காம வெட்டியிருக்கிய தம்பி. பொறவு எப்படி நிமிந்து நிக்கும்?”

“வாட்டம்னா?”

“தாளுக்கு ஒரு வாட்டம் உண்டுல்லா. அது மடிய இசையுத பக்கம். ஓலைய நீட்டுக்குக் கிழிச்சா சர்ருனு வரும், குறுக்க கிழிச்சா வருமா? அதுமாரிதான்.”

நாம் மூன்று வாரமாகத் தேடியது ஒரு பசைச்சட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. கொத்தனார் தளம் போடும்போது தண்ணீர் ஓட வாட்டம் வைக்கிறார். கைக்கு வாட்டமாக இருக்கிறது என்று நாமே சொல்கிறோம். இரண்டிலும் ஒரு பொருளின் இயல்புக்கு இசைந்து போவது என்ற கருத்து இருக்கிறது. நார் எந்தப் பக்கம் ‘ஓடுகிறது’ என்பதைவிட, தாள் எந்தப் பக்கம் இசைகிறது என்பதுதான் நூல் கட்டுகிறவருக்கு வேண்டும். அதை நாரோட்டம் சொல்லவில்லை, வாட்டம் சொல்கிறது.

வாட்டம் என்றால் வாடிப்போவது என்றும் பொருள் உண்டே என்று கேட்பீர்கள். உண்டு. முகவாட்டம், பயிர் வாட்டம். சரிவுக்கும் ஒரு திசை உண்டு என்று, நான் திசைக்குச் சொன்ன மறுப்பையே என்மேல் திருப்பலாம். அதனால் எழுத்தில் ‘நார்வாட்டம்’ என்றே முழுசாக எழுதுவோம். முன்னால் நார் நின்றால் வாடுவதும் சரிவதும் நினைவுக்கு வராது. மேசையருகில் பேசும்போது வெறும் வாட்டம் போதும்.

சொல் கிளைக்கவும் வேண்டும். நீளப் பக்கமாக நார் இருக்கும் தாள் நெடுவாட்டத் தாள், குட்டைப் பக்கமாக இருந்தால் குறுவாட்டத் தாள். ‘வாட்டத்தோடு மடி’, ‘வாட்டத்துக்குக் குறுக்கே வெட்டாதே’ என்று வாக்கியம் தானாக விழுகிறது. கைத்தாள் வாட்டமில்லாத் தாள். அடுத்த பட்டறையில் ஆளுக்கு ஒரு பனையோலைத் துண்டைக் கொடுத்து நீட்டுக்கும் குறுக்கேயும் கிழிக்கச் சொன்னேன், அப்புறம் தாளைக் கொடுத்தேன். நெடுவாட்டம் எது, குறுவாட்டம் எது என்று பத்து நிமிஷத்தில் பிரித்து அடுக்கிவிட்டார்கள். அன்றைக்கு ஒரு அட்டையும் வளையவில்லை.

1930களில் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் இதே நெல்லையில் இருந்துகொண்டு பள்ளிப் பாடங்களுக்குக் கலைச்சொல் தொகுத்தது. அது பெரிய வேலை, இன்றும் அதை நன்றியோடு நினைக்கிறேன். பட்டறைச் சொற்களுக்கு மட்டும் முதலில் பட்டறையில் கேட்டுவிட்டு, இல்லாதபோது ஆக்கலாம் என்று நினைக்கிறேன்.

அப்படிப் பட்டறையிலும் சொல் இல்லாத ஒன்று இருக்கிறது. தண்ணீரில் வண்ணம் மிதக்கவிட்டு, சீப்பால் கோடிழுத்து, மேலே தாளைப் படுக்கவைத்து எடுக்கும் வண்ணத்தாளுக்கு ஆங்கிலத்தின் ‘மார்பிள்’ தாளை ஒட்டி ‘பளிங்குத்தாள்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். துருக்கியில் இதற்கு எப்ரு என்று பெயர், யுனெஸ்கோ 2014இல் தன் மரபுப் பட்டியலில் அதைச் சேர்த்தது. ஜப்பானியர் ஓடுகிற மை என்ற பொருளில் சுமிநாகாஷி என்கிறார்கள். பளிங்கு ஆங்கிலேயர் கண்ணுக்குத் தெரிந்தது, நாம் அதையே ஏன் பார்க்க வேண்டும்? நம் வீடுகளில் பாத்திரத் தண்ணீரின்மேல் பொடி தூவிக் கோலம் போடுவது உண்டு. ‘நீர்க்கோலத் தாள்’ என்றால் செய்முறையே பெயரில் வந்துவிடுகிறது. நீரைக் கெட்டியாக்க இப்போது பயன்படுத்தும் காராகீனன் கடற்பாசியில் இருந்து எடுப்பது. ராமநாதபுரம் கரையில் பெண்கள் மூங்கில் தெப்பத்தில் வளர்ப்பதும் அந்த வகைப் பாசிதான். வண்ணம் பிடிக்கத் தாளுக்குப் படிகார நீர் தடவுகிறோம். நீர்க்கோலத் தாள் என்ற பெயருக்கு யாருக்காவது மறுப்பு இருந்தால் தனி இழையில் பேசலாம்.

அடுத்த மாதப் பட்டறைக்கு எட்டுப் பக்கக் கையேடு ஒன்று அச்சுக்குப் போக வேண்டும். நார்வாட்டம், நெடுவாட்டம், குறுவாட்டம் மூன்றையும் அதில் போடப்போகிறேன். நாரோட்டத்தை ஆதரித்த நால்வரும் வரும் ஞாயிற்றுக்குள் எழுதினால் நல்லது. இன்னொரு உதவியும் வேண்டும். மடிப்பைத் தேய்த்துப் படிய வைக்க அண்ணாச்சி எருமைக்கொம்புத் துண்டு ஒன்று வைத்திருக்கிறார். அவர் அதைக் கொம்பு என்று மட்டும்தான் சொல்கிறார். சிவகாசி, மதுரைப் பக்கத்து பைண்டிங் கடைகளில் அதற்கு வேறு பெயர் இருக்கிறதா என்று அந்தப் பக்கத்து நண்பர்கள் கேட்டுச் சொல்லுங்கள்.