லாயத்துக் குதிரைகளுக்குத் தடுப்பூசி: தேதி தவறாமல் பார்ப்பது எப்படி?

வணக்கம் அண்ணாச்சிகளே, அக்காமார்களே. பாளையங்கோட்டை பக்கம் ஒரு லாயத்தைப் பார்த்துக்கொள்கிறேன். ஏழு குதிரைகள், ஐந்து உரிமையாளர்கள். தடுப்பூசி அட்டைகள் பாதி அவரவர் வீட்டில்தான் இருக்கின்றன.

போன மாதம் ஒரு பெண்குதிரை காலை ஊன்றாமல் நின்றது. தூக்கிப் பார்த்தால் குளம்புக்கு அடியில் துருப்பிடித்த ஆணி, தொட்டால் குளம்பு சுடுகிறது. டாக்டர் வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "கடைசி டெட்டனஸ் ஊசி எப்போ போட்டீங்க?" யாருக்கும் தெரியவில்லை. உரிமையாளர் வெளியூரில் இருந்தார், போனை எடுக்கவில்லை. அன்று ராத்திரி நான் தூங்கவே இல்லை. டாக்டர் டெட்டனஸ் எதிர்ப்பு மருந்தும் தடுப்பூசியும் சேர்த்தே போட்டார். இப்போது நன்றாக நடக்கிறது.

குதிரைக்கு டெட்டனஸ் எளிதில் வரும், வந்தால் பிழைப்பது கஷ்டம். முதல் ஊசி போட்டு 4 முதல் 6 வாரத்தில் இரண்டாவது, அப்புறம் வருஷம் ஒன்று. தெருநாய்கள் உள்ளே வந்து போவதால் ரேபிஸ் ஊசியும் வருஷா வருஷம் வேண்டும்.

ஏழுக்கும் ஒரே நாளில் போட்டுவிட நினைக்கிறேன். ஆனால் ஒவ்வொன்றின் தவணையும் வேறு வேறு மாதத்தில் வருகிறது. தவணைக்கு முன்பே போட்டு ஒரே தேதிக்குக் கொண்டுவந்தவர்கள் உண்டா? அட்டையை லாயத்திலேயே வைக்க உரிமையாளர்களை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்? இன்ஃப்ளூயன்ஸா ஊசியை நம்ம பக்கம் வாங்கியவர்கள், 2 முதல் 8 டிகிரி குளிர் குறையாமல் எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்றும் சொல்லுங்கள். ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அடுத்த வாரம் நேரில் போகிறேன், அதற்குள் பதில் கிடைத்தால் பெரிய உதவி.