கட்டுரையாளர் சம்மதித்துவிட்டார், படத்தை எடுத்துப் போடலாமா?

ஊதாப்பேனா:
மருத்துவ எழுத்து வேலைக்கு வந்து எட்டு மாதம். ஒரு மருந்து கம்பெனிக்காக, டாக்டர்களிடம் கொடுக்கும் 4 பக்கக் கையேடு செய்கிறேன், இதயச் செயலிழப்பு பற்றி. ஒரு ஆய்விதழில் வந்த கேப்லன்-மேயர் வரைபடம் (காலம் போகப் போக எத்தனை நோயாளிகள் பிழைத்திருக்கிறார்கள் என்று காட்டும் வளைகோடு) வேண்டும். கட்டுரை பப்மெட் சென்ட்ரல் என்ற இணையக் கட்டுரைக் களஞ்சியத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. எழுதியவருக்கு மெயில் போட்டேன், ஒரு மணி நேரத்தில் "தாராளமாகப் போட்டுக்கொள்ளுங்கள்" என்றார். இது போதும்தானே? வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

பழையப்ரூஃப்:
போதாது. அவர் நல்ல மனிதர்தான், ஆனால் வீடு பெரும்பாலும் அவர் பெயரில் இருக்காது. பல இதழ்கள் பிரசுரத்துக்கு முன்பே பதிப்புரிமையை எழுதி வாங்கிவிடும்.

இலவசமாகப் படிக்கக் கிடைப்பது வேறு, எடுத்துப் போடுவது வேறு. கட்டுரையில் பொடி எழுத்தில் உரிம வரி இருக்கிறதா பாருங்கள். சிசி-பிஒய் (பெயரைச் சொல்லிவிட்டு யாரும் பயன்படுத்தலாம் என்கிற பொது உரிமம்) என்றால் மூலத்தையும் உரிமத்தையும் குறிப்பிட்டுப் போடலாம். பின்னால் என்சி, அதாவது 'வணிகத்துக்கு அல்ல' என்று ஒட்டியிருந்தால் மருந்து கம்பெனி கையேட்டுக்கு ஆகாது, அது வணிகம். அப்போது பதிப்பகத்திடம்தான் போக வேண்டும், பலரும் ரைட்ஸ்லிங்க் என்ற இணைய அனுமதிச் சேவை வழியாகத் தருகிறார்கள். யார் செலவு, எத்தனை பிரதி, எந்த மொழி என்றெல்லாம் கேட்பார்கள். 'கல்விப் பயன்பாடு' என்று போட்டால் மலிவாக முடியுமே என்று கை துறுதுறுக்கும். வேண்டாம்.

நான் பட்டதைச் சொல்கிறேன். சிசி-பிஒய் கட்டுரைதானே என்று ஒரு படத்தை எடுத்தேன். விளக்க வரியின் கடைசியில் 'அனுமதியுடன் மறுபதிப்பு' என்று இருந்தது கண்ணில் படவில்லை. படம் வேறொரு இதழுடையது, உரிமம் அதற்குப் பொருந்தாது. 3,000 பிரதி அச்சாகி, பெட்டி கட்டிய பிறகு கிளையன்ட் கண்டுபிடித்தார். ஒரு சனிக்கிழமை முழுக்க மூன்று பேர் உட்கார்ந்து ஸ்டிக்கர் ஒட்டினோம். பசை வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது.

மருந்துச்சீட்டு:
நாமே திருப்பி வரைந்துவிட்டால்?

பழையப்ரூஃப்:
எண்ணுக்குப் பதிப்புரிமை கிடையாது. கட்டுரையில் உள்ள எண்களை வைத்துப் புதிதாக பார் சார்ட் போடலாம், மூலத்தைச் சொல்லிவிட்டு. அதே வளைகோட்டின் மேல் கோடு போட்டு, நிறத்தை மாற்றி, 'தழுவியது' என்று எழுதுவதெல்லாம் வரைவதில் சேராது, அனுமதி கேட்டாக வேண்டும். அப்புறம், நோயாளிகளிடம் கேட்கும் மதிப்பீட்டுக் கேள்வித்தாள்களிலும் கவனம். நினைவாற்றலைச் சோதிக்கும் எம்எம்எஸ்இ 1975-இல் வந்தது, பழசுதானே என்று அள்ளிப் போட முடியாது. மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 என்றால் கேட்காமலே போடலாம்.

ஊதாப்பேனா:
பார்த்தேன், என்சி-தான். பதிப்பகத்துக்கு விண்ணப்பம் போட்டாயிற்று, பதில் வர பத்து வேலை நாளாம். வெள்ளிக்கிழமை போச்சு. இரண்டாம் அட்டவணை எண்களை வைத்து பார் சார்ட் போட்டு கிளையன்ட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். "அந்தக் கோடு எங்கே?" என்று இப்போதே போன்.