கடைக்குப் போகாமல் இன்றிரவு ஐந்து பேருக்குச் சாப்பாடு: இருப்பதை எப்படிப் பிரிப்பது?

கேள்வி: புதுஅடுப்பு

மணி இப்போது 5.30. எட்டு மணிக்குள் ஐந்து பேர் சாப்பிட்டாக வேண்டும், கடைக்குப் போக வழியில்லை. பெரியவர்கள் மூவர், அதில் ஒருவருக்குப் பல் இல்லை, குழைவாக இருந்தால்தான் இறங்கும். பிள்ளைகள் இருவர்; சின்னவளுக்குக் காரம் ஆகாது.

இருப்பது இவ்வளவுதான்: அரிசி 3 கப், மைசூர் பருப்பு முக்கால் கப், முட்டை 4, உருளைக்கிழங்கு 4 (இரண்டில் சின்ன முளை, ஒன்று தோல் முழுக்கப் பச்சை), முட்டைகோஸ் பாதி, பெரிய வெங்காயம் 4, கொழகொழவென்று பழுத்த தக்காளி 3, புளித்த தயிர் ஒரு கப், கோதுமை மாவு 2 கப், ஊறவைக்காத ராஜ்மா ஒரு கப். இஞ்சி, பூண்டு, எண்ணெய், மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், சீரகம், மிளகு எல்லாம் உண்டு. மதியம் 12 மணிக்கு வடித்த சாதம் 2 கப் போல மூடி வெளியிலேயே இருக்கிறது, வாடை ஒன்றும் இல்லை. அதைத் தாளித்துவிடலாமா என்று ஒரு யோசனை.

அடுப்பில் இரண்டு பர்னர், ஒரு 5 லிட்டர் குக்கர். முட்டை ஆளுக்கு ஒன்று வராது. எதை எதோடு சேர்ப்பது, எதை முதலில் ஆரம்பிப்பது?

---

அகப்பை:

மதிய சாதத்தைத் தொடாதீர்கள். வாடை இல்லை என்பதை நம்ப முடியாது. அரிசியில் இருக்கும் பேசிலஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியில் சாவதில்லை. வெந்த சாதம் வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தி வரவைக்கும் அந்த நஞ்சு சூட்டுக்கு அழியாது. எண்ணெயில் தாளித்தாலும், ஆவி பறக்கச் சூடாக்கினாலும் அப்படியே இருக்கும். ஐந்தரை மணி நேரம் வெளியில் இருந்த சாதத்தை வயதானவருக்கும் குழந்தைக்கும் கொடுக்கக் கூடாது. இனிமேல் மீந்த சாதத்தை அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாளே ஒரே ஒரு முறை நன்றாகச் சூடாக்கித் தீர்த்துவிடலாம்.

அது போனாலும் குறை ஒன்றுமில்லை, உங்களிடம் தாராளமாகவே இருக்கிறது. என்ன பலகாரம் செய்யலாம் என்று பெயரைத் தேடினால், அதற்கு வேண்டிய ஏதோ ஒன்று கட்டாயம் இல்லாமல் போகும். வயிற்றை நிரப்ப எது, சத்துக்கு எது, இன்றைக்குள் கெட்டுப்போவது எது, புளிப்புக்கு எது என்று கூறு போடுங்கள். வயிற்றுக்கு அரிசி. சத்துக்குப் பருப்பும் முட்டையும். கெடப்போவது தக்காளி, ஆகவே அது இன்று முழுவதும் தீர வேண்டும். புளிப்பும் அதிலிருந்தே வந்துவிடும்.

பல் இல்லாதவருக்காகத் தனியாக ஒன்று சமைக்காதீர்கள். எல்லோருக்கும் சேர்த்து அரிசியும் பருப்பும் குழைய வேகட்டும். அரிசி ஒன்றரை கப், பருப்பு முக்கால் கப், தண்ணீர் ஆறு கப், மஞ்சள்தூள் கால் டீஸ்பூன், உப்பு ஒன்றரை டீஸ்பூன். ஐந்து பேருக்கு இது போதும். கூடவே கிழங்கும் முட்டையும் வருகின்றன. 240 மில்லி கப்பில் ஒரு கப் அரிசி சுமார் 200 கிராம். ஆளுக்கு அரிசி 60 கிராம், பருப்பு 30 கிராம் கணக்கு. உங்கள் குக்கர் பாதிக்குக் கீழேதான் நிறையும். பருப்பு நுரைத்து வெயிட் துவாரத்தை அடைக்கும் என்பதால் பாதிக்கு மேல் போகவே கூடாது. ஒரு டீஸ்பூன் எண்ணெய் விட்டால் நுரை அடங்கும்.

இப்போதே இரண்டையும் கழுவி ஊறப்போட்டுவிட்டு நறுக்க உட்காருங்கள். நறுக்கி முடிக்க ஆறு மணி ஆகும். குக்கரை ஏற்றி நான்கு விசில், பிறகு சிறு தீயில் ஐந்து நிமிடம், அணைத்துவிட்டு ஆவி தானாக அடங்கும்வரை விட்டுவிடுங்கள். விசிலைத் தூக்கி ஆவியை வெளியேற்றினால் கஞ்சி பீறிட்டு அடிக்கும். அரிசி குழைவதே அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தில்தான். பக்கத்துப் பர்னரில் தக்காளி உருளைக் குழம்பு. குக்கர் இறங்கியதும் அந்த இடத்தில் கோஸ். ஏழே காலுக்கு எல்லாம் தயார்.

முட்டையை அடித்துக் குழம்பிலேயே ஊற்றிக் கிளறிவிடுங்கள், எல்லோர் தட்டுக்கும் சமமாகப் போகும்.

---

மண்சட்டி:

அகப்பை சொன்னதில் முட்டையை மட்டும் மாற்றச் சொல்வேன். குழம்பில் ஊற்றிக் கிளறினால் நாலு முட்டையும் கரைந்து, சாறு கலங்கி, முட்டை எங்கே என்று தேட வேண்டியிருக்கும். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது கண்ணுக்குத் தெரிய வேண்டும். அவித்து இரண்டாக வெட்டினால் எட்டுப் பாதி; ஐந்து பேருக்கு அதுவும் சரியாகப் பிரியாது.

தடித்த அடையாக ஊற்றித் துண்டு போடுங்கள். 4 முட்டை, கோதுமை மாவு 2 டேபிள்ஸ்பூன், தண்ணீர் 4 டேபிள்ஸ்பூன், மிகப் பொடியாக நறுக்கிய கோஸ் ஒரு கப், வெங்காயம் பாதி, உப்பு அரை டீஸ்பூன், மிளகு கால் டீஸ்பூன். மாவை முதலில் அந்தத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, அதற்குப் பிறகு முட்டையைச் சேருங்கள். நேராக முட்டையில் மாவைக் கொட்டினால் கட்டி கரையவே கரையாது. கோஸை ஒரு சிட்டிகை உப்பில் பிசறிப் பத்து நிமிடம் விட்டுப் பிழிந்துவிடுங்கள்; பிழியாமல் போட்டால் கல்லில் தண்ணீர் விட்டு அடை உடையும். சின்னக் கல்லாக எடுத்துக்கொண்டு, ஒரு விரல் தடிமனுக்கு ஊற்றி, மூடி போட்டுச் சிறு தீயில் 6 முதல் 7 நிமிடம். மேல்பக்கம் ஈரம் போனதும் திருப்பி இன்னும் 3 நிமிடம். பத்துத் துண்டு வரும், ஆளுக்கு இரண்டு. குழம்பில் ஐந்து நிமிடம் ஊறவிட்டால் பஞ்சு மாதிரி ஆகிவிடும், பல் இல்லாதவரும் நாக்கால் நசுக்கி விழுங்கலாம்.

முட்டை எத்தனை நாளானது என்று தெரியாவிட்டால் ஒவ்வொன்றாகத் தனிக் கிண்ணத்தில் உடைத்து முகர்ந்துவிட்டுச் சேருங்கள். தண்ணீரில் மிதந்தால் பழசு என்றுதான் அர்த்தம், கெட்டது என்றே ஆகாது. உடைத்தவுடன் நாற்றம் வந்தால் அந்த ஒன்றை மட்டும் கொட்டினால் போதும், மற்ற மூன்றும் பிழைக்கும்.

உருளையில் பச்சைத் தோல் உள்ளதை எறிந்துவிடுங்கள். பச்சை படர்ந்த இடத்தில் சொலனின் என்ற கசப்பு நஞ்சு சேர்ந்திருக்கும், அவித்தாலும் போகாது. ஓரிடத்தில் மட்டும் லேசாகப் பச்சை என்றால் தடிமனாகச் சீவி மீதியை எடுத்துக்கொள்ளலாம். உங்களுடையது தோல் முழுக்க என்கிறீர்கள். சின்ன முளை விட்டதைக் கண்ணோடு குடைந்து எடுத்துவிட்டுப் பயன்படுத்தலாம், கிழங்கு கெட்டியாக இருக்க வேண்டும். ஆக, மூன்று கிழங்கு. 2 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டுங்கள்.

இனி முக்கியமானது: கிழங்கு முழுதாக வெந்த பிறகுதான் தக்காளி. புளிப்புள்ள சாற்றில் கிழங்கு இளகுவதே இல்லை. அரை மணி நேரம் கொதித்தாலும் நடுவில் நறுக்கென்று நிற்கும், தீ போதவில்லை என்று நினைத்து இன்னும் கொதிக்கவிட்டுக்கொண்டே இருப்போம். ஆகவே கிழங்கை மூழ்கும் அளவு உப்புத் தண்ணீரில் 10 முதல் 12 நிமிடம் வேகவிட்டு எடுத்து வையுங்கள், அந்தத் தண்ணீரையும் கொட்டாதீர்கள். அதே சட்டியில் 3 டேபிள்ஸ்பூன் எண்ணெய், சீரகம் ஒரு டீஸ்பூன், வெங்காயம் இரண்டு. ஓரம் பொன்னிறமாக நடுத்தீயில் பத்து நிமிடமாவது ஆகும். தக்காளி மூன்றுதான் என்பதால் குழம்பின் ருசி பாதி இந்த வெங்காயத்தில்தான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். பிறகு இஞ்சி பூண்டு, ஒரு நிமிடம் கழித்துத் தக்காளி. எண்ணெய் ஓரத்தில் பிரியும்வரை வதக்கி, கிழங்கு வெந்த தண்ணீர் இரண்டு கப் விட்டு, கிழங்கில் ஐந்தாறு துண்டை மட்டும் கரண்டியால் மசித்துவிட்டு மீதியை முழுசாகப் போடுங்கள். மசித்ததே சாற்றைக் கெட்டியாக்கும், வேறு மாவு வேண்டாம்.

மிளகாய்த்தூளை இங்கே போடாதீர்கள். சின்னவளுக்கும் வேண்டுமானால் பெரியவருக்கும் இரண்டு கரண்டி தனியே எடுத்த பிறகு, 2 டீஸ்பூன் எண்ணெயை லேசாகச் சூடாக்கி, அடுப்பை அணைத்து, ஒரு டீஸ்பூன் தூளை அதில் போட்டு 10 விநாடி கலக்கி மீதிக் குழம்பில் ஊற்றுங்கள். தீ எரியும்போது போட்டால் நொடியில் கருகிக் கசக்கும்.

---

உலைமூடி:

தக்காளி கொழகொழத்தது பரவாயில்லை, ஆனால் வெடிப்பில் வெள்ளைப் பூஞ்சணம் இருந்தால் அந்தப் பழம் முழுவதும் குப்பைக்கு. மெத்தென்ற காயிலும் பழத்திலும் பூஞ்சணம் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும். கோஸ், கேரட் மாதிரி இறுகிய காயில்தான் கெட்ட இடத்தைச் சுற்றி இரண்டரை சென்டிமீட்டர் வெட்டி எறிந்துவிட்டு மீதியை வைத்துக்கொள்ளலாம். ஒரு தக்காளி குறைந்தால் தயிரிலிருந்து அரை கப் எடுத்து ஈடுகட்டுங்கள். அப்படியே ஊற்றினால் திரிந்து திப்பி திப்பியாகும். அரை டீஸ்பூன் கோதுமை மாவைத் தயிரோடு அடித்து, சூடான குழம்பு ஒரு கரண்டியை அதில் கலந்து, அதற்குப் பிறகு சிறு தீயில் மெதுவாகச் சேருங்கள். மாவிலுள்ள மாப்பொருள்தான் தயிர் திரியாமல் பிடித்து நிறுத்துகிறது. உப்பு கடைசியில்.

தக்காளி மூன்றும் நன்றாக இருந்தால் தயிரை அடுப்பில் ஏற்ற வேண்டாம். மீதி வெங்காயத்தைப் பொடியாக நறுக்கித் தண்ணீரில் அலசிப் பிழிந்து தயிரில் கலந்து பச்சடியாக வையுங்கள். உப்பைப் பரிமாறும்போது போடுங்கள், முன்னமே போட்டால் நீர் விட்டு வழியும்.

மீதிக் கோஸை எண்ணெய், சீரகம், கால் கப் தண்ணீரோடு மூடி வைத்து 8 நிமிடம் போதும். அதைத் தாண்டி வெந்துகொண்டே இருந்தால் அந்தக் கந்தக வாடை கிளம்பிவிடும், பிள்ளைகள் தொட மாட்டார்கள்.

ராஜ்மாவை இன்று நினைக்கவே வேண்டாம். அரைகுறையாக வெந்த ராஜ்மா பச்சையைவிட மோசம் என்றே சொல்லலாம்; அதிலுள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம் கடுமையான வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும். இன்றிரவே ஊறப்போடுங்கள். நாளை அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் தளதளவென்று 30 நிமிடம் கொதிக்கவிட்டு, பிறகு மசியும்வரை வேகவையுங்கள். சிறு தீயில் மட்டும் வைத்து வேகவிடுவது இதற்கு ஆகாது.

கோதுமை மாவையும் இன்று விட்டுவிடலாம். ஐந்து பேருக்கு இட்டுச் சுட ஒரு பர்னர் முக்கால் மணி நேரம் போய்விடும். அரிசியே போதும்போது அது வீண் வேலை. ராஜ்மாவோடு நாளைக்கு ஆகும்.

உப்பு கூடிவிட்டால் கிழங்கைப் போட்டு எடு என்பார்கள். கிழங்கு தண்ணீரை உறிஞ்சுகிறது, உப்பைத் தனியாகப் பிரித்து உறிஞ்சாது; சட்டியில் மிஞ்சும் சாறு அதே உப்போடுதான் இருக்கும். உப்பில்லாத தண்ணீரும் ஒரு பிடி மசித்த சோறும் சேர்த்து அளவைக் கூட்டுவது ஒன்றே வழி. கிழங்கு வெந்த தண்ணீரில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது என்பதை மறக்காதீர்கள், அங்கேதான் பலருக்குக் கணக்குத் தப்பும்.

---

புதுஅடுப்பு:

சாதத்தைக் கொட்டிவிட்டேன், நறுக்கியும் முடித்தாயிற்று. முட்டை அடையே செய்கிறேன். ஆனால் குக்கரில் பத்து நிமிடமாக விசிலே வரவில்லை, மூடியின் ஓரமாக ஆவி கசிகிறது. துணியைச் சுற்றி அழுத்திப் பிடிக்கலாமா?

---

அகப்பை:

கூடாது, உடனே அணையுங்கள். ஆவி முழுவதும் அடங்கிய பிறகே மூடியைத் திறங்கள். கேஸ்கட்டைக் கழற்றிப் பாருங்கள்: ஓரத்தில் அரிசி ஒட்டியிருந்தாலோ, திருகி உட்கார்ந்திருந்தாலோ கழுவித் துடைத்துச் சரியாகப் பதித்தால் பிடித்துக்கொள்ளும். வெயிட் துவாரத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து அடைப்பு இல்லை என்று உறுதி செய்யுங்கள். ரப்பர் விறைத்து, தொட்டால் வெடிப்பு தெரிந்தால் அது தீர்ந்துவிட்டது. இன்று குக்கர் மூடியே வேண்டாம்.

நேரம் போய்விட்டதே என்று பதற வேண்டியதில்லை. மைசூர் பருப்பு தோல் நீக்கி உடைத்தது, திறந்த பாத்திரத்திலேயே 20 நிமிடத்தில் கரையும். உள்ளே இருப்பதை அடி கனமான பாத்திரத்துக்கு மாற்றி, பக்கத்துப் பர்னரில் சுட வைத்த தண்ணீர் இரண்டு கப் கூடுதலாக விட்டுக் கொதிக்கவிடுங்கள். முதல் கொதியில் நுரை பொங்கும், வழித்து எடுத்துவிட்டுத் தீயைக் குறைத்துப் பாதி மூடி வையுங்கள். 25 முதல் 30 நிமிடம். முதல் 15 நிமிடம் கிளற வேண்டாம். அதன் பிறகு கஞ்சி இறுகி அடியில் இறங்கும், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அடிவரை கரண்டி விட்டுக் கிளறுங்கள். இறுகினால் வெந்நீரே சேருங்கள், பச்சைத் தண்ணீர் விட்டால் கொதி நின்று மறுபடி நேரம் எடுக்கும்.

அடி பிடித்த வாடை வந்தால் கரண்டியால் சுரண்டாமல் மேலே உள்ளதை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். ஒரு பருப்பையும் ஒரு அரிசியையும் விரலில் வைத்து நசுக்கினால் நடுவில் வெள்ளைப் புள்ளி இல்லாமல் மசிய வேண்டும். மசிந்ததும் மரக்கரண்டியால் நான்கு சுற்றுக் கடைந்துவிட்டால் குக்கரில் வெந்த அதே குழைவு வந்துவிடும்.