வரி ஏறுகிறது, சாக்கடை சிலாப்புக்குப் பணமில்லை: டவுன் வருமானம் எங்கே குறைகிறது?

சந்தைப்பேட்டை மலர்:

எல்லாருக்கும் வணக்கம். தர்மபுரி டவுனில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். எங்கள் தெருவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடக்கிற ஓரத்தில் சாக்கடை சிலாப் இரண்டு உடைந்து உள்ளே இறங்கிவிட்டன. கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிறது. இப்போதைக்கு நாங்களே ஒரு பழைய கதவைப் போட்டு மூடி வைத்திருக்கிறோம். கவுன்சிலர் தட்டிக்கழிக்கிற ஆள் இல்லை. நேரில் வந்து பார்த்தார். "எஸ்டிமேட் போட்டாச்சும்மா, பொது நிதியில் பணம் சேர்ந்தால்தான் வேலை" என்கிறார்.

2022இல் சொத்து வரியை ஏற்றினார்கள். வீட்டுக்கு அளவைப் பொறுத்து 25 முதல் 100 சதவீதம் வரை, கடைக் கட்டடத்துக்கு நேராக 100. 2024இல் இன்னொரு 6 சதவீதம். நான் அரையாண்டு தொடங்கிய முதல் மாதமே கட்டி 5 சதவீதத் தள்ளுபடி வாங்கிவிடுவேன், பாக்கி வைத்ததே இல்லை. இவ்வளவு கூடியும் இரண்டு சிலாப்புக்குப் பணம் இல்லை என்றால் அது எங்கேதான் போகிறது? விவரம் தெரிந்தவர்கள் கட்சி அரசியல் கலக்காமல் சொல்லுங்கள்.

ஓய்வு பெற்ற பில் கலெக்டர்:

அம்மா, நான் வேறொரு மாவட்டத்து நகராட்சியில் வரி வசூலிக்கிற பில் கலெக்டராகச் சேர்ந்து வருவாய்ப் பிரிவிலேயே ஓய்வு பெற்றவன். இப்போது குமாரசாமிப்பேட்டையில் குடியிருக்கிறேன். உங்கள் கேள்வி நியாயமானது.

நீங்கள் கட்டுகிற தொகை முழுவதும் சாக்கடைக்கு வர முடியாது. அதில் நூலக வரி என்று ஒரு பங்கு நூலக ஆணைக்குழுவுக்குப் போகும். கல்விக்கான பங்கு கல்வி நிதியில் சேரும், அதை எடுத்து வேறு வேலை செய்ய முடியாது. குடிநீருக்குத் தனிக் கணக்கு. மிச்சம்தான் பொது நிதி. சம்பளம், பென்ஷன் பங்கு, தெருவிளக்கு கரண்ட் பில், துப்புரவு எல்லாம் அதில் முதலில் போய்விடும். சிலாப் மாதிரி வேலைகளுக்குக் கடைசி வரிசைதான்.

மாநில அரசு தன் சொந்த வரி வருவாயில் 10 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குப் பிரித்துத் தருகிறது. அதிலும் கடன் தவணை, குடிநீர் வாரியத்துக்குத் தர வேண்டியது என்று பிடித்தம் போய்த்தான் கைக்கு வரும். நம் மாவட்டத்தில் தண்ணீர்ச் செலவு லேசானதல்ல. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு இருப்பதால்தான் ஒகேனக்கல் திட்டத்தைக் கொண்டுவந்து 2013இல் திறந்தார்கள். காவிரித் தண்ணீரை மேட்டுக்கு ஏற்றிக் கொண்டுவர மோட்டார் ஓடியாக வேண்டும். பல்லில் கறை படிந்து, முட்டி மடக்க முடியாமல் போன பெரியவர்களைப் பார்த்தவன் நான், அந்தச் செலவைக் குறை சொல்ல மாட்டேன். அப்புறம் 2026 மார்ச் வரைக்கான, மத்திய அரசின் 15வது நிதிக்குழு மானியம். அதில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டும் என்று ஒதுக்கிய பணமாக இருந்தது.

கைவிட்டுப் போன வரியும் உண்டு. விளம்பரப் பலகை வரி 2017இல் ஜி.எஸ்.டி. வந்தபோது போனது. தொழில் வரிக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்ற உச்சவரம்பு 1988இல் வைத்தது, இன்றும் அதேதான். மாதம் லட்ச ரூபாய் வாங்குகிறவரிடமும் அதற்கு மேல் கேட்க முடியாது.

ஆனால் என் சர்வீஸில் நான் கண்ட பெரிய ஓட்டை இவை எதுவும் இல்லை. வரி போடாமல் விட்ட கட்டடம்தான். ஏதாவது ஒரு கடைத்தெருவில் நின்று ஈ.பி. மீட்டரை எண்ணிப் பாருங்கள். கீழே மருந்துக்கடை, மாடியில் டியூஷன் சென்டர், அதற்கு மேல் தகர ஷெட் போட்டு இரண்டு குடித்தனம். மீட்டர் நான்கு இருக்கும், அதில் இரண்டு வணிக இணைப்பு. வரிவிதிப்பு எண் கேட்டால் ஒன்றே ஒன்றைக் காட்டுவார்கள். அதுவும் தரைத்தளத்துக்கு மட்டும், குடியிருப்பு என்று. மாடி கட்டியது பதிவேட்டில் ஏறியே இருக்காது. காலி மனைகளும் இப்படித்தான், கைமாறிக்கொண்டே இருக்கும், காலிமனை வரி மட்டும் வராது.

மின்வாரியப் பட்டியலையும் வரிப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எல்லாம் தெரிந்துவிடும். அதற்கு ஆள் வேண்டும். வீட்டு வரி, தண்ணீர், கடை வாடகை, தொழில் வரி, தேர்தல் வேலை என்று அத்தனையும் ஒரே பில் கலெக்டர் தலையில் விழுந்தால் அவர் எப்போது டேப் எடுத்துக்கொண்டு அளக்கப் போவார்? கடைசியில், ஒழுங்காகக் கட்டுகிறவர் மேலேயே சதவீதம் ஏறுகிறது. எனக்கு ஆறாத கோபம் அதில்தான்.

இலக்கியம்பட்டி குமார்:

ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். டவுன் வளர்வது டவுன் எல்லைக்கு வெளியே. கலெக்டர் ஆபீஸே எங்கள் ஊராட்சிப் பக்கம்தான் இருக்கிறது. புது வீடு, ஆஸ்பத்திரி, ஷோரூம் என்று கட்டுகிறவர்கள் இடம் தேடி இந்தப் பக்கம் வருகிறார்கள், வரி ஊராட்சிக்கு வருகிறது. ஆனால் பஸ் ஏறவும் காய் வாங்கவும் துணி தைக்கவும் நாங்கள் டவுனுக்குள்தான் வருகிறோம். எங்கள் வண்டி தேய்க்கிற ரோடு, நாங்கள் போடுகிற குப்பை எல்லாம் மலர் அக்கா கட்டுகிற வரியில். அரசு நிதியும் மக்கள்தொகையைப் பார்த்து வருகிறது. எங்கள் தலை அந்தக் கணக்கில் இல்லை.

அப்படியென்றால் ஊராட்சியை டவுனோடு சேர்த்துவிடலாமே என்பார்கள். இங்கே பயம் இருக்கிறது. நகராட்சிக்குள் வந்துவிட்டால், நூறு நாள் வேலை என்று நாங்கள் சொல்கிற ஊரக வேலை உறுதித் திட்டம் கிடையாது. எங்கள் அம்மா அந்தக் கூலியில்தான் மருந்து மாத்திரை வாங்கினார், என் கையை எதிர்பார்க்கவில்லை. அதைப் பறித்துவிட்டு வீட்டு வரியையும் ஏற்றினால் யார் ஒப்புக்கொள்வார்கள்? எல்லையைத் தொடாமலே குப்பைக் கிடங்கு, பஸ் ஸ்டாண்ட் மாதிரி பொதுச் செலவில் சுற்றியுள்ள ஊராட்சிகளும் ஒரு பங்கு தர வேண்டும் என்பது என் எண்ணம். அதை முதலில் பேசலாம்.

கிருஷ்ணகிரி கடைக்காரர்:

வாடகையைப் பற்றி யாரும் பேசவில்லை. நகராட்சிக் கடைகளை ஏலத்தில் போட்டி போட்டு உயர்த்தி எடுக்கிறோம். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை 15 சதவீதம் ஏறும் என்பதுதான் நெடுநாள் வழக்கம். 2020 ஊரடங்குக்குப் பிறகு வியாபாரம் பழையபடி திரும்பாதவர்கள் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். எந்த ஊர் என்று சொல்ல வேண்டாம், என் கடை வரிசையிலேயே ஷட்டர் இறக்கிக் கிடக்கிற கடைகள் உண்டு. எதிரே தனியார் கட்டடத்தில் இதைவிடக் குறைந்த வாடகைக்குக் கடை கிடைக்கும்போது யார் ஏலத்துக்கு வருவார்கள்? வாடகையை ஊர் நிலவரத்துக்கு இறக்கினால் பூட்டின கடையிலிருந்தும் பணம் வரும்.

சந்தைப்பேட்டை மலர்:

ரொம்ப நன்றி. குமார் தம்பி, உங்கள் அம்மா கூலியை விட்டுக்கொடுங்கள் என்று நான் ஒருநாளும் கேட்க மாட்டேன். பில் கலெக்டர் ஐயா, இப்போது நான் யாரிடம் என்ன கேட்டால் வேலை நடக்கும்?

ஓய்வு பெற்ற பில் கலெக்டர்:

சிலாப்பையும் வருமானக் கணக்கையும் தனித்தனியாகக் கேளுங்கள் அம்மா.

சிலாப்புக்குப் பொது நிதியை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். எம்.எல்.ஏ.வுக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி இருக்கிறது. தயாராக உள்ள எஸ்டிமேட் நகலை வைத்து, தெருக்காரர்கள் எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கவுன்சிலர் மூலமாகவே கொடுங்கள். 'நமக்கு நாமே' திட்டத்திலும் செய்யலாம். ஆனால் மூன்றில் ஒரு பங்கு நீங்கள் போட வேண்டும். ஏற்கெனவே வரி கட்டுகிற தெரு மறுபடி பணம் போடுவதில் எனக்குச் சம்மதமில்லை, அவசரம் என்றால் மட்டும்.

வருமானத்துக்குத் தகவல் உரிமை மனு போடுங்கள். பத்து ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில் வர வேண்டும். "ஏன் நிதி இல்லை" என்று எழுதாதீர்கள், அதற்குப் பதில் வராது. உங்கள் வார்டுக்கு மட்டும் சொத்து வரி, காலிமனை வரி, தொழில் வரி மூன்றிலும் கேட்பு (வர வேண்டிய தொகை), வசூல், நிலுவை எவ்வளவு என்று ஆண்டுவாரியாகக் கேளுங்கள். வணிகம் என்று வரி போட்ட கட்டடங்கள் எத்தனை என்பதையும் கேளுங்கள். மின்வாரியத்துக்குத் தனி மனு, அதே வார்டில் வணிக இணைப்பு எத்தனை என்று. யார் பெயரும் வேண்டாம், எண்ணிக்கை போதும். இரண்டு பதிலையும் எடுத்துக்கொண்டு, வார்டு மக்கள் கூடிப் பேசுகிற பகுதி சபைக் கூட்டத்துக்குப் போங்கள். மனு எழுதியதும் இங்கே போடுங்கள், வாசகத்தைச் சரிபார்த்துத் தருகிறேன்.