சீகன்பால்க்: அபூர்வமான ஒரு ஜெர்மன் குடும்பப் பெயரைத் தேடுவோர் கவனத்துக்கு (அனுபவப் பகிர்வு)

ஏட்டுப்பூச்சி:

தரங்கம்பாடி என்றாலே நினைவுக்கு வரும் பெயர் சீகன்பால்க். 1706 ஜூலை 9 அன்று கரையிறங்கி, தமிழ் கற்று, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றி, 1719இல் அங்கேயே மறைந்த ஜெர்மன் மதபோதகர். அவரைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. அவருடைய குடும்பப் பெயரைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. ஜெர்மனியிலேயே பலர் கேள்விப்படாத பெயர் அது. முல்லர், ஷ்மிட், ஷ்னைடர் என்று தெருவுக்குத் தெரு கிடைக்கும் பெயர்களைப் போல் அல்ல.

இந்தப் பெயரை எந்த ஆவணத்தில், எந்த எழுத்தில் எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது, எங்கே தடுக்கிறது, எப்படி அவிழ்ப்பது என்பதை மட்டும் இங்கே எழுதுங்கள். வேறு அபூர்வ ஜெர்மன் பெயர்களைத் தேடுபவர்களுக்கும் இதே வழிதான் உதவும்.

வேர்பிடிப்பவன்:

பொருளிலிருந்து தொடங்குகிறேன். ஆனால் தேடலைப் பொருளிலிருந்து தொடங்கக் கூடாது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஜெர்மனில் இதை Ziegenbalg என்று எழுதுவார்கள்; உச்சரிப்பு ஏறக்குறைய ‘ட்ஸீகன்பல்க்’. முன்பாதி ‘ட்ஸீகே’, அதாவது வெள்ளாடு. பின்பாதி ‘பல்க்’, அதாவது விலங்கின் தோல். எல்லாத் தோலையும் பல்க் என்று சொல்வதில்லை. வயிற்றைக் கீறி விரித்து எடுத்தால் அது வேறு. பின்னங்கால்களின் உட்பக்கம் மட்டும் கீறி, சட்டையைக் கழற்றுவதுபோல் தலைப்பக்கமாக முழுசாக உருவி எடுக்கும் தோல்தான் பல்க். கால் துளைகளையும் கழுத்தையும் கட்டினால் அது பை ஆகிவிடும். தண்ணீர்ப் பையும் திராட்சை ரசப் பையும் அப்படி வந்தவை. கொல்லன் பட்டறைத் துருத்திக்கும் இதே சொல்தான். ‘அடங்காத குழந்தை’ என்று திட்டுவதற்கும் இன்றைய பேச்சில் இதே சொல் உண்டு. இன்று இந்தப் பெயரைக் கேட்கும் ஜெர்மானியர் மனத்தில் அந்தப் பொருள்தான் முதலில் வரும். பெயர் பிறந்த காலத்துக்கு அதைக் கொண்டுபோய் வைக்கக் கூடாது.

ஜெர்மன் குடும்பப் பெயர்களை ஐந்து வகையாகப் பிரிப்பார்கள்: தந்தை பெயரால் வந்தவை, தொழிலால் வந்தவை, குடியிருந்த இடத்தால் வந்தவை, விட்டுவந்த ஊரால் வந்தவை, பட்டப்பெயர்கள். சீகன்பால்க் தொழிலுக்கும் பட்டப்பெயருக்கும் நடுவில் நிற்கிறது. தொழிலை நேரே சொல்லாமல், அந்தத் தொழிலில் புழங்கும் பொருளைச் சொல்லி ஆளைக் குறிப்பது. ஆணி அடிக்கும் கொல்லனுக்கு ‘நாகெல்’ (ஆணி) என்று பெயர் வந்த மாதிரி. ஆக, தோல் பதனிட்டவர், தோல் வாங்கி விற்றவர், தோல்பை செய்தவர் ஆகியோரில் ஒருவர் என்பதே நியாயமான விளக்கம். அதற்கு மேல் அழுத்திச் சொன்னால் அது ஊகம்.

கவனியுங்கள்: மதபோதகர் சீகன்பால்கின் தந்தை தானிய வணிகர். பெயரில் தோல், கடையில் தானியம். 17ஆம் நூற்றாண்டில் இந்தப் பெயர் தொழிலைவிட்டு விலகி, பரம்பரைப் பெயராக உறைந்துவிட்டது என்பதற்கு இதுவே சாட்சி. பெயரைப் பார்த்து, முன்னோர் இன்ன ஆண்டில் தோல் தொழில் செய்தார் என்று வம்சாவளியில் எழுதிவிடாதீர்கள்.

‘ட்ஸீகே’ என்ற சொல்லே ஊரைக் காட்டும். தெற்கிலும் மேற்கிலும் வெள்ளாட்டுக்கு ‘கைஸ்’ என்பதுதான் பழைய வழக்கு. ‘ட்ஸீகே’ நடு ஜெர்மனியின் கிழக்குப் பகுதிச் சொல். லூத்தரின் பைபிள் வழியாகப் பொது மொழிக்குப் பரவியது. குடும்பப் பெயர்கள் உருவானது அந்தப் பரவலுக்கு முன்னால். எனவே ஆடு ‘ட்ஸீகே’யாக இருக்கும் பழைய பெயர் சாக்சனி, துரிங்கியா, சிலேசியா பக்கம் பிறந்திருக்கவே வாய்ப்பு அதிகம். பவேரியாவிலோ ஸ்வாபியாவிலோ வேர் தேடுவது வீண் வேலை.

ஒலியை நம்பி ஏமாறும் இடங்களும் உண்டு. ‘ட்ஸீக்லர்’ ஆட்டுக்காரர் அல்ல, செங்கல் சூளைக்காரர். ‘ட்ஸீகன்ஹால்ஸ்’ என்றால் சொல்லுக்குச் சொல் ‘ஆட்டுக்கழுத்து’. ஆனால் அது சிலேசியாவில் ஓர் ஊர், இன்று போலந்தில் குவுஹோவாசி. ‘ட்ஸீகன்ஹைன்’ ஹெஸ்ஸன் பகுதியில் உள்ள ஊர். பாடன்-பாடன் நகரத்தில் ‘பல்க்’ என்றே ஒரு பகுதி இருக்கிறது. அதற்கும் நம் பெயருக்கும் சம்பந்தம் கிடையாது.

இப்போது அந்தக் கடைசி விஷயம். முதலில் பெயர் எந்த ஊரில் அடர்த்தியாக இருக்கிறது என்று பாருங்கள், அடுத்து அந்த ஊர் ஆவணங்களில் அந்தப் பெயரின் மிகப் பழைய எழுத்து வடிவத்தைத் தேடுங்கள், பொருளை அதற்குப் பிறகு யோசியுங்கள். இன்றைய எழுத்தைப் பார்த்து அகராதியைப் புரட்டினால் பத்தில் பல தடவை வழுக்கிவிடும்.

தெருவரைபடம்:

எத்தனை அபூர்வம் என்று அளப்பது பற்றி.

ஜெர்மனியில் இதற்கு அடிப்படை மக்கள் தொகைக் கணக்கல்ல, தொலைபேசி இணைப்புப் பட்டியல். பெயர் ஆய்வாளர்கள் அதிகம் பயன்படுத்துவது 2005ஆம் ஆண்டுத் தரவு: சுமார் 2.8 கோடி வீட்டு இணைப்புகள், அவற்றில் சுமார் 8.5 லட்சம் வெவ்வேறு குடும்பப் பெயர்கள். குறைந்தது 10 இணைப்பாவது உள்ள பெயர்கள் சுமார் 2 லட்சம்தான். மற்றவை எல்லாம் அதற்கும் கீழே. மைன்ட்ஸ் நகரத்து அறிவியல் இலக்கியக் கழகத்தில் 2012 முதல் தயாராகிவரும் இணைய அகராதி இந்த 10 என்ற கோட்டைத்தான் எல்லையாக வைத்திருக்கிறது. இலவசம்; பெயருக்குப் பெயர் விளக்கமும் வரைபடமும் தருவார்கள்.

ஓர் இணைப்பு என்றால் ஒரு வீடு, ஓர் ஆள் அல்ல. ஆட்கணக்கு வேண்டுமானால் இரண்டரை முதல் மூன்று வரை பெருக்கிக்கொள்வது வழக்கம். கைபேசி மட்டும் வைத்திருப்பவர், எண்ணை வெளியிட மறுத்தவர், கணவர் பெயரில் இணைப்பு உள்ள வீட்டில் தன் பிறந்த வீட்டுப் பெயரோடு இருக்கும் மனைவி ஆகியோர் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். கிழக்கு ஜெர்மனியில் 1990க்கு முன் வீட்டுத் தொலைபேசியே அரிது. சீகன்பால்க் மாதிரி சாக்சனிப் பெயருக்குப் பழைய தொலைபேசிப் புத்தகத்தை எடுத்தால் எண்ணிக்கை பொய்யாகக் குறைந்து தெரியும். 1990களின் கடைசிக்குப் பிந்தைய தரவையே எடுங்கள்.

வரைபடத்தில் இரண்டு முறை உண்டு. மொத்த எண்ணிக்கை என்று போட்டால் எந்தப் பெயருக்கும் பெர்லினும் ஹாம்பர்க்கும் கறுத்துத் தெரியும். அங்கே ஜனம் அதிகம், அவ்வளவுதான். பத்து லட்சம் பேருக்கு எத்தனை என்ற விகித வரைபடத்தைப் போட வேண்டும். ஆனால் அபூர்வப் பெயருக்கு இதிலும் ஒரு கண்ணி: ஜனம் குறைந்த மாவட்டத்தில் ஒரே ஒரு வீடு இருந்தால்கூட அந்த மாவட்டம் அடர் சிவப்பாகிவிடும். இரண்டு வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விகிதத்திலும் எண்ணிக்கையிலும் சேர்ந்து எழும்பும் இடத்தை மட்டும் வேரிடமாகக் கொள்ளுங்கள். சீகன்பால்குக்குக் கண் போக வேண்டிய இடம் டிரெஸ்டனுக்கு வடகிழக்கே, புல்ஸ்நிட்ஸ் வட்டாரம். மதபோதகர் 1682 ஜூலை 10 அன்று பிறந்த ஊரும் அதுவே.

1945க்குப் பிறகு கிழக்கு மாகாணங்களிலிருந்து ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஜெர்மானியர் துரத்தப்பட்டு இடம்பெயர்ந்தார்கள். சிலேசியப் பெயர் ஒன்று இன்றைய வரைபடத்தில் நாடு முழுக்கத் தூவிக் கிடந்தால் காரணம் அதுதான். அப்போது முதல் உலகப் போரின் இழப்புப் பட்டியல்களுக்குப் போங்கள். காயம்பட்ட, இறந்த, காணாமல்போன வீரர்களின் பெயரோடு ஊரும் இருக்கும். தன்னார்வலர்கள் முழுவதையும் தட்டச்சு செய்து இலவசமாகத் தேடும்படி வைத்திருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்தப் பெயர் எங்கே இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல படம் கிடைக்காது.

பழைய மை:

மேலே இருவரும் சொன்னதற்குப் பிறகுதான் கஷ்டமான பகுதி: பதிவேடு.

சாக்சனியில் அரசுப் பதிவு தொடங்கியது 1876 ஜனவரி 1. அதற்கு முந்தையது எல்லாம் தேவாலயப் பதிவேடு. பல சபைகளில் 16ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து இருக்கும். முப்பதாண்டுப் போரில் (1618–1648) எரிந்துபோன இடங்களும் உண்டு.

எழுத்து வடிவங்களில் முதல் சிக்கல் சாக்சன் பேச்சு. அங்கே ப-வின் வல்லொலியும் மெல்லொலியும் ஒன்றாகிவிடும். ட, க விஷயத்திலும் அப்படியே. தமிழில் எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. அங்கே எழுத்து இரண்டு, ஒலி ஒன்று. காதில் விழுந்ததைப் பாதிரியார் தன் இஷ்டப்படி எழுதிவிடுவார். ஆகவே கடைசி எழுத்து ஜி, கே, சிகே, சிஹெச் என எதுவாகவும் இருக்கலாம். நடுவில் மெல்லொலி ‘பி’ (b) இடத்தில் வல்லொலி ‘பி’ (p) வரலாம். முதல் ‘ஐ’க்குப் (i) பின் ‘ஈ’ (e) விடுபடலாம். 15, 16ஆம் நூற்றாண்டு ஆவணங்களில் ‘இசட்’ ஒலியை ‘சிஇசட்’ என்று எழுதுவார்கள். அகரவரிசைப் பட்டியலில் ‘சி’யின் கீழும் பார்க்காவிட்டால் ஒரு தலைமுறையே கைநழுவும். ‘பல்கே’ என்ற பெயர் பெரும்பாலும் வேறு வேரிலிருந்து வந்தது. அதை இதோடு கலக்காதீர்கள்.

இரண்டாவது, குரென்ட் என்ற பழைய ஜெர்மன் கையெழுத்து. அதில் ‘ஈ’யும் (e) ‘என்’னும் (n) ஒரே மாதிரி நெளிகோடு. ‘ட்ஸீகன்’ என்ற பாதியில் இரண்டு ‘ஈ’யும் ஒரு ‘என்’னும் இருப்பதால், பிரதி எடுத்தவர் ஒரு நெளிவைக் கூட்டியோ குறைத்தோ படித்திருப்பார். தேடுபொறியில் முழுப் பெயரைக் கொடுக்காமல் இசட், ஜி, பி, எல் ஆகிய எழுத்துகளை மட்டும் வரிசையாக வைத்து இடையிடையே நட்சத்திரக் குறி போடுங்கள்.

மூன்றாவது, இலக்கண ஒட்டு. மகள் பதிவில் பெயருக்குப் பின் ‘இன்’ சேரும்: சீகன்பால்கின். இது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரைக்கும் தாராளமாக வரும். தந்தையின் பெயர் வேற்றுமை உருபோடு வரும்: ‘பார்தலோமேய் சீகன்பால்க்ஸ் மகன்’ என்கிற பாணி. அந்த ‘ஸ்’ பெயரின் பகுதி அல்ல. ‘வைலன்ட்’ என்ற சொல் தந்தை பெயருக்கு முன்னால் இருந்தால் அந்தத் தேதிக்கு முன்பே அவர் காலமாகிவிட்டார் என்று பொருள். இறப்புப் பதிவைத் தேட வேண்டிய எல்லை உடனே கிடைத்துவிடும்.

ஞானஸ்நானப் பதிவில் பெற்றோரோடு நிற்காமல் ஞானப் பெற்றோர் வரியையும் படியுங்கள். அவர்களுக்குத் தொழிலும் ஊரும் சேர்த்து எழுதியிருப்பார்கள். அபூர்வப் பெயருள்ள குடும்பத்தின் இன்னொரு கிளை பக்கத்து ஊரில் இருப்பது பெரும்பாலும் இந்த வரியில்தான் வெளிப்படும்.

வடகரை வாசகி:

ஒரு கேள்வி. கிழக்கு ஜெர்மனியின் லௌசிட்ஸ் பகுதியில் வாழும் ஸ்லாவிய மக்களான சோர்பியர்களின் ஆட்டுத்தோல் பைக்குழல் ஒன்று உண்டே, ‘கோசொல்’ என்று. பெயர் அதிலிருந்து வந்திருக்குமா?

வேர்பிடிப்பவன்:

நல்ல கேள்வி, சகோதரி. கோசொல் உண்மையானது, மயிர் வெளியே தெரியும்படி ஆட்டுத்தோலில் செய்வார்கள், அந்தச் சொல்லுக்கே சோர்பிய மொழியில் கிடா என்று பொருள். புல்ஸ்நிட்ஸும் சோர்பிய நாட்டின் மேற்கு ஓரத்தில்தான் இருக்கிறது. ஆனால் குழல் வாசிப்பவருக்கு இந்தப் பெயர் வழங்கியதாக ஒரு பழைய வரி வேண்டும். அது கையில் இல்லாதவரை இது அழகான பொருத்தம் மட்டுமே. வம்சாவளியில் எழுதாதீர்கள்.

ஏட்டுப்பூச்சி:

இந்தியப் பக்கம் தேடுபவர்களுக்கு. தமிழில் சீகன்பால்க், சீகன்பால்கு, சீகன்பால்கு ஐயர் என்று மூன்று விதமாகவும் நூலகப் பட்டியல்களில் இருக்கிறது, மூன்றையும் போடுங்கள். 18ஆம் நூற்றாண்டு ஆங்கில அச்சில் கடைசியில் ஒரு ‘ஹெச்’ சேர்ந்திருக்கும். மதபோதகரின் கடிதங்களும் அறிக்கைகளும் ஜெர்மனியின் ஹாலே நகரத்து ஃபிராங்கே நிறுவனங்களின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவருடைய மகன் எர்ன்ஸ்ட் கோட்லீப் கோபன்ஹேகனில் கணிதப் பேராசிரியரானதால் டென்மார்க் ஆவணங்களிலும் பெயர் வரும். அதைத் தனி டேனிஷ் குடும்பம் என்று எண்ணிவிடாதீர்கள். நம் ஊர் லுத்தரன் குடும்பங்களில் மரியாதைக்காகக் குழந்தைக்கு இந்தப் பெயரை வைப்பதுண்டு. உலகளாவிய தரவுத்தளம் அவர்களையும் குடும்பப் பெயர்க் கணக்கில் சேர்த்துவிடும். அபூர்வத்தை அளக்கும்போது கழித்துவிட வேண்டும்.

பழைய மை:

அரசுப் பதிவகத்துக்கு எழுதுபவர்களுக்கு ஒரு குறிப்போடு முடிக்கிறேன். 2009 முதல் உள்ள சட்டப்படி பிறப்புப் பதிவு 110 ஆண்டு, திருமணம் 80, இறப்பு 30 ஆண்டு மூடியிருக்கும். காலம் முடிந்தவை நகராட்சி அல்லது மாவட்டக் காப்பகத்துக்குப் போய்விடும். அங்கே யாரும் கேட்கலாம். மூடியிருப்பவற்றுக்கு நேர் வாரிசு என்ற சான்று இணைக்க வேண்டும். கடிதத்தில் பெயர், ஊர், ஆண்டு எல்லை ஆகியவற்றோடு ‘முழுப் பதிவின் நகல்’ வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். சுருக்கச் சான்றிதழ் அனுப்பினால் ஓரத்தில் பிற்காலத்தில் எழுதிய குறிப்புகள் வராது. திருமணத்தில் பெயர் மாறியது, எழுத்து திருத்தப்பட்டது எல்லாம் அந்த ஓரக் குறிப்பில்தான் இருக்கும்.