திருச்சிக்குப் போக பலாலியா, கட்டுநாயக்காவா?

ஹட்டனிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 71 வயது, முழங்கால் வலி. திருச்சிப் பக்கம் துறையூரில் இருக்கும் சொந்தங்களை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று, அம்மாயி வைத்திருந்த பழைய கடிதங்களை மஞ்சள் பையில் சுற்றித் தலைமாட்டிலேயே வைத்திருக்கிறார்.

யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து திருச்சி நேர்க்கோட்டில் ஏறக்குறைய 180 கிலோமீட்டர்தான், கொழும்புப் பக்கம் இருக்கும் கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து 400க்கும் மேல், ஆனாலும் விமானம் ஏறி இறங்கும் நேரத்தையும் சேர்த்தால் இரண்டுமே ஒரு மணி நேரத்தை ஒட்டித்தான் வரும். ரோட்டை நினைத்தால்தான் பயம். யாழ்ப்பாணத்துக்கு இரவு முழுக்க பஸ், கொழும்புப் பக்கம் போனால் கினிகத்தேனை வளைவுகளிலேயே அம்மாவுக்கு வாந்தி வந்துவிடும்.

அண்மையில் பலாலி வழியாகப் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எந்தெந்த நாள் விமானம், வீல்செயார் கிடைத்ததா, அப்புறம் பஸ் நிலையத்திலிருந்து பலாலிக்கு எப்படிப் போனீர்கள் என்று சொல்லுங்கள். தைப்பொங்கலுக்கு முன் கூட்டிப் போக வேண்டும்.