பயமுறுத்தாமல் சுவிசேஷம் சொன்ன அனுபவங்கள்

பாளையங்கோட்டை சகோதரி:

அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம். என் தாயாருக்கு இடுப்பெலும்பு முறிந்தபோது பதினெட்டு நாள்கள் அவருடன் மருத்துவமனையில் தங்கியிருந்தேன். அடுத்த கட்டிலில், சர்க்கரைப் புண்ணால் கால்விரலை இழந்த வயதான அம்மா ஒருவர், தலைமாட்டில் முருகன் படமும் திருநீறும் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். ஒரு மாலை கைப்பிரதி கொடுக்க வந்த குழுவினரில் ஒருவர், "இன்றிரவே உயிர் போனால் எங்கே போவீர்கள்?" என்று அவரிடம் கேட்டார். அம்மா பதில் பேசாமல் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அதே கேள்வியை என் வாலிப நாள்களில் பேருந்து நிலையத்தில் பலரிடம் நானும் கேட்டிருக்கிறேன். அங்கே நின்றவர்களுக்கு விலகிப்போக வழி இருந்தது; கட்டிலில் கிடப்பவருக்கு அதுவும் இல்லை என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

அதன்பின் பல நாள்கள் வெந்நீர் வாங்கி வருவதையும் மாத்திரை எடுத்துக் கொடுப்பதையும் தவிர அவருக்கு நான் வேறொன்றும் செய்யவில்லை. ஓர் இரவு என் தாயார் கேட்டதால், வீட்டை விட்டுப் போன மகனைப் பற்றி இயேசு சொன்ன கதை வரும் வேதாகமப் பகுதியான லூக்கா 15ஆம் அதிகாரத்தை வாசித்தேன். மறுநாள் காலையில் அந்த அம்மா, "நேத்து வாசிச்சியே, அந்தப் பையன் திரும்பி வந்தானா தாயி? நான் பாதியில தூங்கிட்டேன்" என்றார்.

மீதியைச் சொன்னேன். தன்னைக் கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும்படி கேட்க வேண்டுமென்று மகன் வழியெல்லாம் எண்ணி வந்தும், தூரத்திலேயே கண்டு ஓடிவந்து கட்டிக்கொண்ட தகப்பன் அதைச் சொல்லவே விடவில்லை என்பதையும், கடவுள் அப்படிப்பட்டவர் என்று காட்ட வந்த இயேசு நம்மை வீடு சேர்க்கச் சிலுவையில் உயிரைக் கொடுத்து மூன்றாம் நாள் எழுந்தார் என்று நாங்கள் நம்புவதையும் சொல்லி நிறுத்திக்கொண்டேன். "அதுக்கு நாம என்ன குடுக்கணும்?" என்றார். ஒன்றும் வேண்டாம் என்றேன். வெகுநேரம் கழித்து, சண்டை போட்டுத் திருப்பூருக்குப் போன தம் மகன் பத்து வருடமாக வரவில்லை என்று சொல்லி அழுதார்.

அவனுக்காக ஜெபிக்கலாமா என்று கேட்டு, வேண்டாமென்றால் வருத்தப்பட மாட்டேன் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். "சத்தமில்லாம பண்ணு" என்றார். முருகன் படத்தைப் பற்றி நான் பேசவில்லை. அவர் வீட்டுக்குக் கிளம்பிய அன்று, கேட்டதன்பேரில், மருந்துச் சீட்டின் பின்புறம் 'லூக்கா 15' என்று எழுதிக் கொடுத்தேன்.

நாகர்கோவில், ஓய்வுபெற்ற ஆசிரியர்:

சகோதரி, உங்கள் அனுபவம் வேதாகமத்தில் அப்போஸ்தலர் 8ஆம் அதிகாரத்தை நினைவூட்டுகிறது. சுவிசேஷம் சொல்லப் போன பிலிப்பு, இரதத்தில் வேதம் வாசித்துக்கொண்டிருந்த எத்தியோப்பிய மந்திரியிடம் முதலில், வாசிப்பது புரிகிறதா என்று ஒரு கேள்விதான் கேட்டார். இரதத்தில் ஏறி உட்காரும்படி அழைத்தவரும், ஞானஸ்நானத்தைப் பற்றிப் பேச்செடுத்தவரும் மந்திரியே. நம் அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. அது எடுத்துரைக்கும் உரிமையே, பிறரை மதம் மாற்றும் உரிமை அன்று என்று 1977இல் உச்ச நீதிமன்றம் கூறியதைப் பலர் குறையாக எண்ணுகிறார்கள். இருதயத்தைத் திறப்பது கர்த்தருடைய வேலை என்று நம்புகிற எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை.

என்னுடன் பணியாற்றிய சைவ நண்பர் ஒருவர் யோவான் சுவிசேஷத்தைத் தாமே கேட்டு வாங்கிப் படித்து, ஐந்து கேள்விகளோடு வந்தார். இரண்டுக்குத் தெரியாது என்றேன். அந்தத் 'தெரியாது'தான் தம்மை மறுபடியும் பேச வைத்தது என்று பின்னர் சொன்னார். இன்றும் அவர் தேவாரம் ஓதுகிறார். இன்றும் என்னிடம் கேள்வி கேட்கிறார்.

கோவை, கல்லூரி மாணவன்:

ஐயா, பயம் கேட்பவருக்கு மட்டுமல்ல. சாப்பிடுமுன் கண்ணை மூடுவது ஏன் என்று விடுதி அறைத் தோழன் கேட்டபோது, வெறும் பழக்கம் என்று சொல்லிவிட்டேன். அவன் உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டான். திங்கட்கிழமை ஊரிலிருந்து திரும்பி வருகிறான். அன்று நான் சொன்னது முழு உண்மை அல்ல என்பதிலிருந்து தொடங்கப் போகிறேன்.